சல்லடை எலும்பு

இன்றைக்கும் முதலில் மணத்தது டயர்தான்.

ஏகாம்பரம் வீதியில் விளாம்பழம் விலை கேட்டுக்கொண்டிருந்தவர்
சொல்லை பாதியில் விட்டுக்
காற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.
"வதனி, எங்கேயோ எரியுது."
எங்கேயும் எரியவில்லை.
மத்தியானத்து உப்பும்
லொறியிலிருந்து வழிந்த சூரைமீன் தண்ணீரும்தான்.
மான் ஒன்று நடைபாதையில்
வாழைத்தோல் தின்றுகொண்டிருந்தது.
இனி எனக்கு நாற்பது விநாடி.

எந்த வருடத்து டயர் அது என்று
பதினாறு வருடமாக நான் கேட்டதில்லை.
இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு
விடைகள் அதிகம்.
டொக்டர் ருஸ்தா கேட்டால் சொல்வார்:
வெளியே நெருப்பு இல்லை,
பொட்டுக்குப் பின்னால் பயறளவு ஓரிடம்
பொறி விடுகிறது,
மூக்கின் மேல் பழி விழுகிறது.

விழுந்தார்.
கையிலிருந்த விளாம்பழமும்.
"நம்மட நவரூபன் மாஸ்டரெல்லோ!"
ஒருவர் தன் சாவிக்கொத்தை
அவர் உள்ளங்கையில் திணித்தார்.
கை இறுகிக்கொண்டது.
இன்னொருவர் செருப்பைக் கழற்றினார்.
பழக்கடைக்காரி வெங்காயம் தேடினாள்.
"மூக்கில காட்டுங்கோ, மூக்கில காட்டுங்கோ!"

பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தேன்.
பையிலிருந்து எடுத்தது ஊசி இல்லாத ஊசிக்குழாய்,
நுனியில் ஒரு பஞ்சுக் கூம்பு.
"இதென்ன, மூக்குக்கோ?"
மூக்குக்குத்தான்.
நீங்கள் தட்டச் சொன்ன கதவுதான், அம்மா.
பொதி மட்டும் வேறு.
வலதில் பாதி. இடதில் மீதி.
பனிபோலப் போனது.

வாட்டில் ஒருநாள்
டொக்டர் தாளில் கீறிக் காட்டியிருந்தார்.
இரத்தத்தோடு மூளைக்குப் போகிற மருந்தை
வாசலில் ஒரு காவல் மறிக்குமாம்.
ஆளைப் பார்க்குமாம், அளவைப் பார்க்குமாம்,
அனேகரைத் திருப்பி அனுப்புமாம்.
நான் சிரித்துவிட்டேன்.
அக்குறணையில் வளர்ந்த பிள்ளை, அவருக்கு விளங்கவில்லை.
உள்துறைமுக வீதியில் பஸ்ஸால் இறங்கி
அட்டையை நீட்டி நடந்து
மறுபடி பஸ் ஏறிய உடம்பு இது.
மறித்தலை எனக்குக் கீறிக் காட்ட வேண்டியதில்லை.

"ஆனால் மூக்கின் கூரையில்," பேனையால் குத்தினார்,
"சல்லடை மாதிரி ஒரு எலும்பு.
அந்தக் கண்களுக்குள்ளால் மண நரம்புகள்
கீழே தொங்குகின்றன.
மூளை காற்றைத் தொடுகிற இடம் அதுதான்."
அப்ப எல்லாம் அதாலயே போகுமோ?
"அதால எவ்வளவு, இரத்தத்தால எவ்வளவு என்று
இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.
இந்த மருந்துக்கு இரண்டு வழியும் திறப்பு.
எங்களுக்கு வேகம்தான் கணக்கு."
தெரியாததைச் சண்டை என்று சொன்ன அந்தப் பிள்ளையை
எனக்குப் பிடித்துப்போனது.

அன்றிரவு மா அரித்தபிறகு
அரிதட்டை பல்ப்புக்கு நேரே
தூக்கிப் பிடித்தேன்.
எத்தனை வெளிச்சம்!
கடல் மணம் காட்டியதா அட்டை?
டயர்ப் புகையை யார் இறக்கி விசாரித்தார்கள்?
எல்லாம் இதாலதான் போயிருக்க வேணும்,
ஒரு பொடியனின் தலைக்குள்,
ஒரு மூச்சில்.
டொக்டர் இல்லை என்பார்.
சரியாகவும் இருக்கலாம்.

ஒரு நிமிடம். இரண்டு.
செருப்புக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.
சாவிக்காரர் மட்டும் வெயிலில் நின்றார்.
மோட்டார்சைக்கிள் எதிரே,
சாவி இவர் முஷ்டிக்குள்.
"அவசரமில்லை அக்கா," என்றார்,
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே.

மூன்றாவது நிமிடத்தில்
சுண்டுவிரல் முதலில் விட்டது.
பிறகு மற்றவை.
தாரில் சாவிகள் விழுந்த சத்தத்தில்
மருந்து போய்ச் சேர்ந்தது தெரிந்தது.

ஓட்டோவில் என் தோளில் தலை.
மூக்கு ஒழுகியது, முந்தானையால் துடைத்தேன்.
கோட்டை வாசல் தாண்டும்போது
கண் திறக்காமலே இழுத்து மணந்தார்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"விளாம்பழம்," என்றார்.
என் மடியில் இருந்தது, ஓடு வெடித்து.
"காசு குடுக்கேல்ல."