திங்கள் விடியத் திருப்பிக் குடுக்கவேணும்

கொழும்புத்துறையில எங்கட ஒழுங்கைக்கு
ஒரே ஒரு கை மெசின்தான்.
அது றெஜினாக்காவின்ர.
வெள்ளி பின்னேரம் தந்தவ.
"திங்கள் விடிய வேணும்.
ஊசி முறிஞ்சால் ஊசி வாங்கித் தா.
சக்கரத்தைப் பின்பக்கமாச் சுத்தாதை, நூல் சிக்கும்."
சுத்தினன். சிக்கிச்சு.
பொபினுக்குள்ள ஒரு குருவிக்கூடு.

அண்டு இரவு கிழிஞ்ச திரைச்சீலையில
ஓட்டிப் பழகினன்.
என்ர தையல்
வீட்டுக்கு வர மனமில்லாத ஆடு மாதிரி
வேலியோரமா மேஞ்சு மேஞ்சு போச்சு.
பரவாயில்லை,
வீட்டுப் பாவனைக்குத்தானே,
கலியாணத்துக்கே?

முதல் தைச்சது மாச்சாக்கு.
புதன்கிழமையே ஊறப்போட்டது.
அரைக்கட்டி சவர்க்காரம் கரைஞ்சுது,
எழுத்துக் கரையேல்லை.
திரைச்சீலையில ரெண்டு காது வெட்டி
வைச்சு அடிச்சன்.
சனி காலமை அதோட சந்தைக்குப் போனால்
என்ர இடுப்புக்குப் பக்கத்தில
"நிகர நிறை 25 கிலோ".
மீன்காரச் சவிரிமுத்து வாசிச்சுப்போட்டு
என்னை ஒருக்கா மேலயும் கீழயும் பார்த்தான்.
"பிழையாப் போட்டிட்டாங்கள் அக்கா."

சாரம் எண்டது ஏற்கெனவே ஒரு குழாய்.
அதை மூட்டினவன்
பாதி வேலையை முடிச்சுப்போட்டுத்தான் வித்திருக்கிறான்.
நைஞ்ச பக்கத்தை வெட்டி
வாயை ஒரு விரல் அகலத்துக்கு மடிச்சு
லாஸ்டிக் நுழைய வழி விட்டால்
பாவாடை.
லாஸ்டிக் கஸ்தூரியார் வீதியில யார் எண்பது ரூபா.
ஊசிக் காசை விட்டால்
இந்த மூண்டு நாளில என்ர செலவு அவ்வளவுதான்.
ஊக்கு பாதி வழியில திறந்து
துணிக்குள்ள காணாமப் போச்சு.
ஜதுர்சி தடவித் தடவித் தேடி
"இந்தா, இஞ்சை நிக்குது" எண்டு
பஸ்ஸை மறிக்கிற மாதிரி
ஒற்றை விரலால மறிச்சாள்.

ஊசி முறிஞ்சது களுசானில.
அது வேற கதை.

ஞாயிறு,
அவர் தலைமயிர் வெட்டப் போன கையோட
அலுமாரியைத் திறந்தன்.
நீல சேட்.
தெறி பூட்டினால் வயித்தில
மூண்டு இடத்தில கண் திறக்கும்.
"ஒருநாள் மெலிவன், வைச்சிரு" எண்டவர்.
ரெண்டு வருசம் வைச்சிருந்தன். காணும்.

பொக்கற்றில மைக்கறை,
கச்சேரியில பேனை கசிஞ்ச நாளில பட்டது.
அதை அவிட்டு எடுத்தால்
கீழ ஒரு சதுரம்
வெயில் காணாத நீலமாக் கிடக்கு.

சேட்டை உட்புறம் திருப்பி
தெறி எல்லாத்தையும் பூட்டி
தலாணியை மேல வைச்சு
சோக்கால சுத்திக் கோடு.
நாலு பக்கமும் அடி. மிச்சத்தை வெட்டு.
தெறியைக் கழட்டிக் கையை விட்டு இழுத்தால்
உறை வெளிய வரும்.
தெறிக்கண் போட வேண்டியதில்லை.
எந்தக் காமென்ற்ஸிலயோ, எந்தப் பிள்ளையோ
நாளைக்கு இத்தினை எண்டு எண்ணி எண்ணிப்
போட்டு வைச்சிட்டாள்.
அவளின்ர தையல் நேர்.
பக்கத்தில என்ர ஆடு.

மிஞ்சினது ரெண்டு கை, சாரத்தில ஒரு துண்டு,
திரைச்சீலைக் கரை, அந்தப் பொக்கற்.
எல்லாத்தையும் ஒட்டுப்போட்டு
மெசினுக்கே ஒரு உறை.
இரவு பதினொரு மணிக்கு, கரண்ட் இல்லாமல்,
விளக்கு வெளிச்சத்தில
தன்ர சட்டையைத் தானே தைச்சுது அது.
பொக்கற்றை முன்னுக்கு வைச்சன்,
கத்தரிக்கோல் போட.

திங்கள் விடிய
சைக்கிள் கரியரில மெசினை ஏத்திக் கட்டினது அவர்தான்.
சாரம் தெரிஞ்சுது அவருக்கு.
திரைச்சீலை தெரிஞ்சுது.
பொக்கற்றில கை நிண்டுது.
மைக்கறையைப் பெருவிரலால ஒருக்காத் தடவினார்.
நான் படலையில நிண்டு
சொல்லவேண்டிய பொய்யை அடுக்கிக்கொண்டிருந்தன்.
அவர் ஒண்டும் கேக்கேல்லை.
போட்டிருந்த சேட்டில இருந்து பேனையை எடுத்து
அந்தப் பொக்கற்றில குத்திப்போட்டு
சைக்கிளை உருட்டினார்.

பின்னேரம் றெஜினாக்கா
உறை கோணல் எண்டு சொல்லி அனுப்பினா.
பேனையைப் பற்றி
ஒரு கதையுமில்லை.