வியாழக்கிழமை வரை

ஜூலை.
பாங்பகோங் ஆறு கடலுக்குள்
வண்டலாய் இறங்குகிறது.
மேலே நெல்வயல், அதற்கு மேலே பன்றிப் பண்ணைகள்,
அதற்கும் மேலே யாரோ நனைந்த மழை.

கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டைக்
கயிற்றில் கட்டி இறக்குகிறேன்.
மார்ச்சில் இது மூன்று மீட்டர் வரை
என்னைப் பார்த்துக்கொண்டே போனது.
இன்று முழங்கை ஆழத்தில் காணோம்.

தாவோன் இன்ஜினை அணைக்கிறார்.
"தர்பூசணித் தோல்" என்கிறார்
தண்ணீரைப் பார்த்து.
அறிக்கையில் அந்தச் சொல்லுக்குக் கட்டம் இல்லை.

ஐஸ் பெட்டியில் ஆறு குப்பிகள்.
நைட்ரேட்டுக்கு ஒன்று, அம்மோனியாவுக்கு ஒன்று,
பாஸ்பேட், ஆக்சிஜன்,
அயோடின் சொட்டி அசைவை நிறுத்திய இரண்டு.

நுண்ணோக்கியின் கீழே
பச்சைப் பச்சையாய்ப் பந்துகள், ஒரு வால் வைத்து.
ஒவ்வொரு பந்துக்குள்ளும்
அதைவிடச் சின்னப் பச்சை உயிர்கள் குடியிருந்து
வெயிலில் சமைத்து வீட்டுக்காரருக்கும் போடுகின்றன.
எண்ணிக்கொண்டே போனேன்.
நானூறில் கண் எரிந்தது.
மறுபடி ஒன்றிலிருந்து.

ப்ரயூன் போன் செய்தார்.
சீராச்சாவுக்கு வடக்கே அவருக்கு
மூங்கில் கழி இரண்டாயிரம்,
கழி நிறையச் சிப்பி.
"அறுக்கட்டுமா, விடட்டுமா?
இன்னும் இரண்டு வாரம் போனால் எடை கூடும்."

ஏப்ரலில் தண்ணீர் கண்ணாடியாய்க் கிடந்தபோது
ஓட்டுக்குள் சதையே இல்லையென்று
கடலைத் திட்டியவரும் இவர்தான்.
அப்போது கடலுக்குப் பசி.
இப்போது கடலுக்கு
ஊரெல்லாம் உண்ட மிச்சம்.

அமிர்தமும் நஞ்சாகுமாம், அளவு மிஞ்சினால்.
எந்த அளவு என்று
எந்தப் பழமொழியும் சொன்னதில்லை.
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

"வியாழக்கிழமை முடிவு வரும், பொறுங்கள்"
என்றேன்.

புதன் இரவு காற்று நின்றது.
பச்சையெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து
செத்து, அழுகி,
அழுகும் வேலைக்கு
அடித்தண்ணீரின் மூச்சை எடுத்துக்கொண்டது.
சிப்பிகளுக்கு எழுந்து போகக் கால் இல்லை.

வியாழன் காலை அச்சு இயந்திரம்
தாளைத் துப்பியது.
எல்லா எண்ணும் சரி.
தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம் வரை
சரி.

மதியம் ப்ரயூன் வந்தார். சத்தம் போடவில்லை.
காபி கட்டித் தரும் பிளாஸ்டிக் பையில்
தன் கழியடித் தண்ணீர்,
வாயில் ரப்பர் பேண்டு.
"இதையும் எண்ணிப் பார்" என்று
மேசையில் வைத்தார்.
நிற்காமல் சாய்ந்தது பை.
கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்,
அவர் பைக் கிளம்பும் சத்தம் தேயும் வரை.

நவம்பர்.
காற்று வடகிழக்குக்கு மாறிவிட்டது.
எங்கள் கரை தெளிகிறது.
தட்டு மறுபடி
இரண்டு மீட்டர் வரை தெரிகிறது.
பச்சை எங்கும் தொலையவில்லை,
வளைகுடாவைக் கடந்து
மேற்குக் கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அங்கும் கழிகள் உண்டு.
பெச்சபுரியில் நருமோன், என்னைப் போலவே
குப்பியும் ஐஸுமாய் அலைபவள்.

படகிலிருந்தே அவளைக் கூப்பிட்டேன்.
தாவோன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
"எண்ணிக்கை எவ்வளவு?" என்றாள்.
"எண் வியாழக்கிழமை வரும்" என்றேன்.
"அதுவரை இதை எழுதிக்கொள்:
தர்பூசணித் தோல்.
உன் ஆட்களை இன்றைக்கே அறுக்கச் சொல்."

மறுமுனையில்
பேனா தேடும் ஓசை.