செறிவு நான்கு

செப்டம்பர். கோல்செஸ்டருக்கு வெளியே
நீர்த்தேக்கத்தில் பாசி செத்துக்கொண்டிருக்கிறது.
காலை ஏழே காலுக்கு முதல் அழைப்பு:
"தேநீரில் பீட்ரூட் வாடை", திருமதி ஆக்ஸ்லி.
எட்டு மணிக்குள் பதினேழு பேர்.

வெந்நீர்த் தொட்டியில் குடுவைகள்.
ட்ரெவர் மூடியைத் திருகி நீட்டுகிறார்,
முகர்கிறேன்.
சோதனை நாளில் சென்ட் கூடாது, காபி கூடாது,
தலைக்கு எண்ணெயும் கூடாது.

மூன்றாவது குடுவை.
இதை எனக்குத் தெரியும்.
காய்ந்த தரையில் முதல் தூறல் விழுந்ததும்
என் மொழிக்காரர்கள் மூக்கை விரித்துக்கொண்டு
கவிதை எழுதப் போவார்களே, அது.

படிவத்தில் எழுதினேன்:
மண். செறிவு நான்கு. ஏற்கத்தக்கதல்ல.

இதே தேக்கத்துக்குத்தான்
ஊரின் கழிவறைகளும் குளியல்களும்
சவ்வு கடந்து, புற ஊதா விளக்கு கடந்து
ஆற்றோடு சாதுவாக வந்து சேர்கின்றன.
அதற்காகப் பொதுக்கூட்டத்தில்
மூன்று மணி நேரம் என்னைத் திட்டினார்கள்.
குழாயில் அதை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.
கண்டுபிடிப்பதெல்லாம் மண்ணைத்தான்,
லிட்டருக்குப் பத்து நானோகிராமில்.

கரித்தூளைக் கூட்டச் சொன்னேன்.
பன்னிரண்டு மில்லிகிராம்; போதவில்லை; இருபது.
கறுப்புக் கூழ் கலக்கியில் சுழன்று
மழையின் வாசனையை விழுங்கிக்கொண்டே இருந்தது.

மாலை மாதிரியில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் சம்பளம்.

வெளியே வந்தால் தூறல்.
கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய வெட்டாத புல்,
கிளறிப் போட்ட குழாய்ப் பள்ளம், எல்லாம் நனைந்து.

"நான்கு" என்றேன், என்னை அறியாமல்.
ட்ரெவர் குடையை மடக்கிவிட்டு நின்று
இழுத்து முகர்ந்தார்.
"ஆறாவது இருக்கும்."