கேள்வி எண் பதினேழு

இரவு ஒன்பதுக்கு மேல் உங்கள் தெருவில்
தனியாக நடக்கும்போது
எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள்?
மிகவும். ஓரளவு. கொஞ்சம். இல்லவே இல்லை.
ஒன்றைத்தான் தொட வேண்டும்.
'தெரியாது' என்றும் ஒரு கட்டம் உண்டு,
கூடுமானவரை அதைத் தவிர்க்கும்படி
பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள்.

வால்பரைசோவின் குன்றுகளில்
தெரு என்பது பாதிக்கு மேல் படிக்கட்டு.
நூற்றுப் பதினெட்டுப் படி ஏறி
மூச்சிரைக்கக் கதவைத் தட்டினால்
முதல் பேட்டியை நாய்தான் கொடுக்கிறது.

"தெரு என்று எதைச் சொல்கிறீர்கள்?"
என்றார் நோல்பெர்த்தோ, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
"எண்பதாம் படிவரை பயமில்லை, விளக்கு எரிகிறது.
எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்துவரை
சாவியை விரலிடுக்கில் நீட்டிப் பிடித்துக்கொள்வேன்.
அதற்கு மேல் எல்லாம் தெரிந்த நாய்கள்."
மூன்று பதில், ஒரு கட்டம்.
ஓரளவு என்று போட்டுக்கொண்டேன்.

எதுவீனா கம்பிக்குப் பின்னால் நின்று ரொட்டி விற்கிறார்.
கம்பியில் கையகல ஓட்டை.
ஓட்டையை அளந்து
ரொட்டியைச் சிறியதாகச் சுடச் சொல்லிவிட்டாராம்.
கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை திருட்டு?
நாலு.
எத்தனை புகார்?
ஒன்று.
ஏன் என்று கேட்கச் சொல்கிறது படிவம். கேட்டேன்.
"ஸ்டேஷனுக்கு இறங்க நூற்றுப் பதினெட்டு
ஏற நூற்றுப் பதினெட்டு.
நான் திரும்புவதற்குள் ஐந்தாவது நடந்துவிடும்."
இந்தக் குன்றில் குற்றங்கள் குறைந்தன என்று
போன மாதம் பத்திரிகையில் வந்தது.
அந்த சதவீதத்துக்குள்
எதுவீனாவின் முழங்கால் வலியும் இருந்தது.

அடுத்த வீட்டுப் பையன்
டேப்லெட் என்ன விலை என்று கேட்டான்.
பதில் சொல்லாமல் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.
சும்மாதான் கேட்டிருப்பான்.
இரண்டு வீடு தாண்டியும்
அந்த ஜிப்பின் சத்தம் போகவில்லை.

ஹெய்த்தியிலிருந்து வந்த வில்னேருக்கு
பேக்கரியில் இரவு வேலை.
கேள்வியை இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.
"நான் உணர்வதைக் கேட்கிறீர்கள்.
எனக்கு முன்னால் நடக்கும் பெண்
என் காலடியைக் கேட்டு உணர்வதற்கு
கட்டம் எங்கே இருக்கிறது?"
இல்லை என்றேன்.
"தூரத்திலேயே இருமிவிடுவேன்.
பிறகு ஏதாவது பாட்டை முணுமுணுப்பேன்.
ஒளிந்து வருகிறவன் பாட மாட்டான், இல்லையா?
குரல் சுமார்தான்."

யஸ்னா மருத்துவமனையில் இருந்து
இரவு இரண்டு மணிக்கு வருபவள்.
செருப்பைக் கூடக் கழற்றாமல் பதில் சொன்னாள்.
"சில ராத்திரி பின்னால் ஒருத்தர்
சுருதி சேராமல் பாடிக்கொண்டே வருவார்.
அன்றைக்கு ஓரளவு.
பாட்டுச் சத்தம் இல்லாத அன்றைக்கு
இல்லவே இல்லை.
எதைப் போடுவீர்களோ போட்டுக்கொள்ளுங்கள்."

ஒரு வீட்டின் பதிலை
இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது.
மூன்று பக்க ஒப்பந்தத்தில்
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
நாக்கின் நுனிவரை வந்ததை
அவள் கொடுத்த தேநீரோடு விழுங்கினேன்.
சர்க்கரை அதிகம்.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
கீழே துறைமுகத்தில் கப்பல்களுக்கெல்லாம் விளக்கு.
தொண்ணூற்றைந்தாம் படியில்
நோல்பெர்த்தோ சொன்னது சரிதான்,
என் கால் எனக்குத் தெரியவில்லை.
சாவியைத் தேடினேன்.
இந்தக் குன்றில் எந்தப் பூட்டையும் திறக்காத
என் வீட்டுச் சாவி.

கீழிருந்து யாரோ ஏறி வந்தார்கள்.
ஒரு படி. நின்று, இன்னொரு படி.
பாட்டு எதுவும் இல்லை.

நான் இருமினேன்.

சற்றுப் பொறுத்து
அந்தப் பக்கமும் ஒரு இருமல் கேட்டது.