திருத்தம்

நேற்றைய ஐந்தாம் பக்கம், மூன்றாம் பத்தியில்
‘வண்டி: ஒருவர் சாவு’ என்று வந்தது
விபத்துச் செய்தி அல்ல.
வண்டி என்பது அவர் பெயர்.
வண்டி கல்லோன், வயது அறுபத்தெட்டு,
கவிஞர், பத்திரிகைக்காரர்.
எந்த வாகனமும் மோதவில்லை.
சியரா லியோனில், போ என்ற ஊரில்,
தன் கட்டிலில், சிறுநீரகம் பழுதாகி இறந்தார்.

போ என்பதும் ஊர்தான்.
மதுரை மேசையில் ஞானதுரை அதைப் பிழையென்று அடித்திருக்கிறார்.
அவரைச் சொல்லிக் குற்றமில்லை.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லோடு யாரும் நிறுத்துவதில்லை,
போயிட்டு வாரேன் என்போம்.
வாடகைத் தாளில் எழுத வீட்டுக்காரர் சாத்தப்பன்
எந்த ஊர் என்று கேட்க, இவர் போ என்று சொல்ல,
மனுசன் பேனாவை மூடிக்கொண்டு
எழுந்து போயே விட்டார்.

அவர் மனைவி பைந்து
காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில்
இரும்பு துருப்பிடிப்பதை ஆராய வந்தவர்.
இவர் கூட வந்தவர். விசாவில் தொழில்: இல்லை.
கழனிவாசலில் மாடி அறை, இரண்டு வருசம்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருசம்
எட்டுப் பக்க வாரத்தாள் ஒன்றை நடத்தினார்.
யுத்தம் அச்சகத்தை எரித்தது.
பிறகு தட்டச்சில். மை நாடா தீர்ந்ததும் கையெழுத்தில்.
ஒரு கோப்பை அரிசி சந்தையில் என்ன விலையென்று
வாராவாரம் முதல் பக்கத்தில் போட்டார்,
அவ்வளவுதான்.
மந்திரி சொன்ன விலை வேறு.
உண்மையாக இருந்தாலும் அவதூறு அவதூறே என்று
அங்கே ஒரு சட்டம் இருந்தது.
மூன்று முறை உள்ளே இருந்தார்.

மூன்றாம் முறை வெளியே வந்ததும்
விலைப்பட்டியலாகவே ஒரு கவிதை எழுதினார்.
பாமாயில் இவ்வளவு, உப்பு இவ்வளவு,
சவப்பெட்டி பெரியது இவ்வளவு,
சிறியது, கேட்பவர் அதிகம், முன்பணம் அவசியம்.
தணிக்கைக்காரன் கூட்டிப் பார்த்துவிட்டுக்
கணக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டானாம்.
சொல்லும்போது அவர் சிரிப்பார்.
நான் எந்த இடத்தில் சிரிக்க வேண்டுமென்று
கடைசிவரை பிடிபடவில்லை.

இங்கேயும் திங்கள் சந்தையில் நோட்டோடு நிற்பார்.
பொன்னி என்ன, இட்லி அரிசி என்ன,
வாங்க மாட்டார், எழுதிக்கொள்வார்.
விற்கிறவர்கள் முதலில் திட்டினார்கள்,
பிறகு பக்கத்துக் கடை விலையை அவரிடமே கேட்டார்கள்.
‘இதை அச்சிட்டால் உன்னை எங்கே வைப்பார்கள்?’
ஆறாம் பக்கத்தில் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.
நான் அனுப்பாமல் வைத்திருந்த செய்திகள்
மேசை இழுப்பறையில் இருந்தன. அவர் சிரிப்பு முதலில் நின்றது.

கானாடுகாத்தானில், ஹோட்டலாகிவிட்ட ஒரு வீட்டில்,
வழிகாட்டிப் பையன் ஒப்பித்தான்:
பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி.
வண்டி ஒரு தூணைக் கட்டிப் பிடித்தார்.
கை கையைத் தொடவில்லை.
‘இதை வெட்டினவன் பெயர் என்ன?’
பையன் என்னைப் பார்த்தான்.
பதினெட்டு வருசமாகத் தீபாவளி மலருக்கு
இந்த வீடுகளைப் பற்றி எழுதிவரும் நான்
சுவிட்ச் போர்டைப் பார்த்தேன்.

நேற்று வந்த தாளைப் படம் எடுத்து
பைந்துவுக்கு அனுப்பத் துணிவில்லை.
அனுப்பினேன்.
குரல் பதிவு வந்தது, பன்னிரண்டு விநாடி.
பின்னணியில் மழை, ஒரு சேவல்.
அச்சுப்பிழைகளுக்கென்றே அவர் வைத்திருந்த நோட்டில்
ஒட்ட இடம் இருக்கிறதாம்.
பழுப்புப் பசை தீர்ந்துவிட்டதாம்.

ஞானதுரைக்கு:
இடம் போதாவிட்டால் மேலே எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள்.
ஊர்ப் பெயரை விட்டுவையுங்கள்.
பொன்னி இன்று கிலோ ஐம்பத்தெட்டு.
அதையும்.