லைன் க்ளியர்

மானூர் சப்ஸ்டேஷனில் எனக்கு நைட் ஷிஃப்ட்.
ஆடிக் காற்று
ஜன்னல் கொக்கியைக் கழற்றப் பார்க்கிறது.

ஒன்பது நாற்பதுக்கு
காய்ந்த பனையோலை ஒன்று பறந்துபோய்க்
களக்குடி ஃபீடரில் விழுந்தது.
எல்.சி. வாங்கிக்கொண்டு
ஏணியோடு போயிருக்கிறான் வேம்புராஜ்.

அதிலிருந்து போன்தான்.

"மேடம், லைன் எப்ப வரும்? வாழைக்குத் தண்ணி பாயல."
"எங்க லைன் வீட்டுக்கு மட்டும்தான் லைன் இல்லையா?"
"நாளைக்கு எனக்கு அழகியபாண்டியபுரம் லைன்,
பேட்டரி வண்டிக்குச் சார்ஜ் ஏறணும்"
இவர் பிஸ்கட் கம்பெனி.
"எப்ப அடிச்சாலும் லைன் பிஸி, யார்ட்ட பேசுதிய?"
இன்னொருத்தன் குடித்திருந்தான்.
கரண்டை மறந்துவிட்டு
என் குரல் இனிக்கிறது என்றான்.
ஐம்பத்தொரு வயதில் எனக்கு ஒருவன் லைன் போடுகிறான்,
அதுவும் இருட்டில்.

நடுவில் என் மகள்:
"இங்கிலீஷ் பொயம் பதினாறு லைன் மனப்பாடம்மா.
செல்லு வெளிச்சத்துல எப்படிப் படிக்க?"

பத்தேகாலுக்குக் காற்றுக்குள்ளிருந்து வேம்பு:
"லைன்லதான் இருக்கேன்க்கா..."

போனிலா?
கம்பத்திலா?
கேட்பதற்குள் அறுந்துவிட்டது,
போனா
வேறு எதுவுமா
என்று தெரியாத அந்த டொக் சத்தத்தோடு.

வார்டு மெம்பர் அடித்தார்.
"லைன் க்ளியர்னு உங்க ஆளே சொன்னானாம்லா,
கீழ நின்னவன் கேட்டிருக்கான்.
போட்டுவிட வேண்டியதானே?"

ஐயா,
உங்களுக்கு லைன் க்ளியர் என்றால்
ஓலையை எடுத்தாச்சு.
எங்களுக்கு லைன் க்ளியர் என்றால்
ஒரு ஆள் இன்னும் மேலே நிற்கிறான்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
"போடுதேன்" என்றேன், "கொஞ்சம் பொறுங்க."
ரிஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேரே
திருப்பிக் கொடுத்த நேரத்துக்கான கட்டம்
வெள்ளையாக இருந்தது.
பேனா மூடியைக் கடித்துக் கடித்து
நெளித்துவிட்டேன்.
போன் அடித்தது, அடித்தது.
பிரேக்கர் பக்கம் போகவே இல்லை.
கையை நம்ப முடியாது,
பழகிய கை.

பத்து ஐம்பத்திரண்டு.
"எறங்கிட்டேன்க்கா."
"எங்க நிக்க?"
"மண்ணுல. ரெண்டு காலும்.
செருப்புதான் ஒண்ணைக் காணல."

கட்டத்தில் நேரத்தை எழுதினேன்.
கையெழுத்து கோணிவிட்டது.
பிரேக்கர் ஏறியதும்
களக்குடிப் பக்கம் வானத்தின் அடி
லேசாக மஞ்சளானது.

மறுபடியும் போன்.
எடுக்கவில்லை.
யாராயிருந்தாலும்
கொஞ்சம் லைனில் இருக்கட்டும்.