மூன்று விநாடி

பாடத்திட்டத் தாளில் ஒரு கட்டம்:
கற்பித்தல் துணைக்கருவிகள்.
நேற்றிரவு கோலிவாடாவில், அக்காவின் குழந்தை தூங்கியபின்
'டேப்லெட், பதினொன்று' என்று எழுதினேன்.
பீரோச் சாவி தலைமையாசிரியரிடம் இருப்பதையும்
இரண்டில் சார்ஜ் நிற்காததையும்
எழுதக் கட்டம் இல்லை.

தாராவி மாநகராட்சிப் பள்ளி, மூன்றாம் மாடி, தமிழ்ப் பிரிவு.
முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வெளியே ஜூலை.
கீழே தகரக் கூரைகளில் விழும் மழையில்
என் குரல் இரண்டாம் பெஞ்சைத் தாண்டவில்லை.
கடைசி பெஞ்சில் மேற்பார்வைக்கு வந்த ஜெசிந்தா மேடம்,
மடியில் மதிப்பெண் தாள், காலடியில் சொட்டும் குடை.

தலைப்பு மழை.
மைக் படத்தைத் தொட்டுப் பேசு, அதுவே எழுதும் என்றேன்.
இசக்கிராணி முதல் ஆள்.
"எங்க வூட்டு மோரி அடைச்சிக்கிச்சு டீச்சர்."
அது எழுதியது:
எங்கள் வீட்டு மோர் அடித்துக்கொண்டது.

வகுப்பு சிரித்த சிரிப்பில் மழை கேட்கவில்லை.
மோரி என்றால் இங்கே எந்தக் குழந்தைக்கும் தெரியும்,
குளிப்பதும் கழுவுவதும் ஒரே நான்கடிச் சதுரத்தில்.
மராட்டியிடம் வாங்கி நாங்கள் திருப்பித் தராத சொல்.
நல்ல தமிழ் படித்த கருவி போலிருக்கிறது.
என்னையும் ஒரு காலத்தில்
இப்படித்தான் திருத்தினார்கள்.

பேச்சிமுத்து பேசுவதில்லை.
பெயரை வைத்து வகுப்பு சிரித்து ஓய்ந்தாயிற்று.
அவனுக்கு முதல் எழுத்து வர நேரமாகும்.
உதடு தயார், தொண்டை தயார்,
சொல் மட்டும் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே
சிக்னலுக்கு நிற்கும் லோக்கல் மாதிரி
நிற்கும்.

அவன் மைக்கைத் தொட்டான்.
மூன்று விநாடி பொறுத்து
டிங் என்று அணைந்தது.

எனக்குக் கோபம் வந்தது.
பிறகு கணக்குப் பார்த்தேன்.
போன திங்கட்கிழமை, ஏழாம் வாய்பாடு,
உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே
"சரி, அடுத்தவங்க" என்று சொன்னவள் நான்.
மூன்று விநாடிகூட இருக்காது.
டிங் என்ற சத்தம் மட்டும் போடவில்லை.

மீண்டும் தொட்டான். டிங்.
மீண்டும்.
அதற்குச் சலிப்பில்லை, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.
பெருமூச்சு விடவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை,
'ஐயோ பாவம்' என்று காட்ட அதற்கு முகமும் இல்லை.
எட்டாவது தடவை ஒரு சொல் உள்ளே போனது.
அப்புறம் சொல்லுக்கு ஒரு வரி, சில நேரம்
ஒரு வரிக்கு நான்கைந்து டிங்:

நேற்று
எங்க
மோரில்
ஒரு
நண்டு

நிறுத்தினான். திரையைப் பார்த்தான்.
'மோரில்' மேல் விரல் வைத்து அழித்து
எழுத்தெழுத்தாகத் தட்டினான்:
மோரியில.
நான் சொல்லித்தரவில்லை.

இசக்கிராணி எட்டிப் பார்த்துவிட்டாள்.
"நண்டாம்லே! மாஹிம் கழிமுகத்துலேந்து வந்திருக்கும்.
என்னடா செஞ்ச அத?"
முப்பத்தாறு தலைகள் கூடத் திரும்பின.
உதடு தயாரானது.
நான் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.
சும்மா இருப்பது இவ்வளவு வேலை என்று
எந்தத் தாளிலும் நான் படிக்கவில்லை.
நான்கு. ஐந்து.
சொல்லை எடுத்துக்கொடுக்க நாக்கு துறுதுறுத்தது,
கடித்துக்கொண்டேன்.
ஆறு.
மணி அடித்தது.
முன்வரிசையில் இருவர் எழ,
சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள் இசக்கிராணி.
எண்ணிக்கை எனக்குத் தவறிப்போனது.

மாலையில் மதிப்பெண் தாள் கைக்கு வந்தது.
துணைக்கருவிகள்: நன்று.
நேர மேலாண்மை: போதாது.
நண்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

அது பெயின்ட் டப்பாவில் இருக்கிறதாம்,
உயிரோடு,
மூடியில் இரண்டு ஓட்டை போட்டு.